முப்பிடாதி வீட்டு வாசலில்

"ஏட்டி, சொவத்துல கைய வைக்காத. கட்டுனவுக வந்தா ஏசுவாக."

வாசற்படி ஏறப்போன கோமதிநாயகத்தின் காதில் அது விழுந்தது. உள்ளே முப்பிடாதி தன் மகளை அதட்டிக்கொண்டிருந்தாள். கட்டினவர்களில் அவரும் ஒருவர். அந்தச் சுவருக்கு வெள்ளையடித்ததே அவர்தான்.

வழக்கம்போல உள்ளே நுழைந்தார். மடியிலிருந்த பீடி முறத்தை ஒதுக்கிவிட்டு முப்பிடாதி எழுந்து நின்றாள்.

"வாங்க அண்ணாச்சி."

அவர் சுவர்களைத் தடவிப் பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். கிளம்பும்வரை அவள் உட்காரவே இல்லை.

கோமதிநாயகம் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாடகை வீடுகளிலேயே காலந்தள்ளிய குடும்பங்களுக்குச் சனிக்கிழமைதோறும் ஒரு கூட்டம் வீடு கட்டிக் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு, ஒருநாள் வேடிக்கை பார்க்கப் போனார். அன்றைக்கு முப்பிடாதி வீட்டுக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர், காலேஜ் பெண்கள், ஒரு கண் டாக்டர் என்று வரிசையாகச் சாரத்தில் நின்றிருந்தார்கள். நடுவில் முப்பிடாதியும் நின்றாள். கலவைச் சட்டி கைமாறிக் கைமாறி மேலே போய்க்கொண்டே இருந்தது. பாதிப்பேருக்குப் பக்கத்தில் நிற்கிறவர் பெயர்கூடத் தெரியாது. பொழுது சாயும்போது அங்கே ஒரு கூரை நின்றது. சொந்தமும் இல்லை, சாதிசனமும் இல்லை, யாரோ ஒரு பீடி சுற்றுகிற பெண்ணின் தலைக்கு மேலே இத்தனை பேர் சேர்ந்து ஒரு கூரையைத் தூக்கி வைத்துவிட்டார்கள். அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்தக் கூட்டத்தை நடத்துகிறவர் ரோஸ்லின் டீச்சர். மற்ற நாட்களில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பார். கோமதிநாயகத்தைவிட இருபது வயது இளையவர்.

"என்னைய உங்ககிட்ட சேத்துக்கணும் டீச்சர். இதைப் படிக்கணும்."

"இதுக்குப் பாடம் கிடையாது அண்ணாச்சி. சட்டி இருக்கு."

அன்றுமுதல் அவர் சட்டி தூக்கினார். "அறுபது வயசுல ஸ்கூல்ல சேந்துட்டியளே, யூனிபார்ம் எடுத்தாச்சா?" என்று மருந்துக்கடைக்காரர் கேலி பண்ணினார். அதற்கெல்லாம் அவர் அசரவில்லை.

இப்போது முப்பிடாதி வீட்டிலிருந்து கிளம்பியவர் நேராக டீச்சரிடம் போனார். அடுத்த வீட்டுக்கு வந்திறங்கிய செங்கலை டீச்சர் நனைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், பத்திரம் அந்தப் பிள்ள பேர்ல. சாவி அது கையில. மாசாமாசம் தவணையும் ஒழுங்கா கட்டுது. ஆனாலும் ஒண்டுக்குடித்தனத்துல இருக்கமாதிரியே பயந்து கெடக்கு. நாம எதைக் குடுக்காம விட்டோம்?"

"நீங்க எப்படி உள்ள போனீங்க?"

"எப்படின்னா? நடந்துதான்."

டீச்சர் வாளியைச் சாய்த்தார். செங்கல் புஸ்ஸென்று தண்ணீரைக் குடித்தது.

கோமதிநாயகம் யோசித்துப் பார்த்தார். யாரும் தைரியம் சொல்லாததுதான் குறை என்று தோன்றியது. மறுநாளே முப்பிடாதியிடம் போனார்.

"இந்தா பாரும்மா. ஆணி அடிக்கணுமா, அடி. கலர் மாத்தணுமா, மாத்து. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டாக. நான் சொல்லுதேன்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"ரொம்ப சந்தோசம் அண்ணாச்சி."

அதற்குப் பிறகு அவரைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று கேட்டாள்.

"பின்னால ஒரு முருங்கக் கம்பு ஊனிக்கிடட்டா அண்ணாச்சி?"

"ஊனிக்கோ."

"தங்கச்சி பிள்ளையத் தூக்கிட்டு வாறேங்கா. கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டுமா?"

"தாராளமா."

"கோழி வளக்கலாமா?"

இதற்கு மட்டும் அவர் சற்று யோசித்தார்.

"கோழியா... சரி. ரெண்டு போதும்."

அடுத்த சனிக்கிழமை டீச்சரிடம் பூரிப்போடு சொன்னார். "இப்ப மனசு விட்டுப் பேசுது டீச்சர். நானும் எல்லாத்துக்கும் சரின்னுட்டேன். கோழிக்குக்கூட."

"வாடகைதான் வாங்கலை."

கோமதிநாயகம் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. அவருடைய சிரிப்பும் பாதியில் நின்றது.

"அப்ப வேண்டாம்னு சொல்லியிருக்கணுமா?"

"அதையும் நீங்கதானே சொல்லியிருப்பீங்க."

"பின்ன நான் என்னதான் செய்ய?"

"அடுத்த வாரம் சென்னையில இருந்து ஆட்கள் வாராங்க. நாம கட்டின வீடு ஒண்ணைப் பாக்கணுமாம். திருப்தியா இருந்தா அடுத்த மூணு வீட்டுக்கும் பண உதவி செய்வாங்களாம். நீங்களும் வாங்க."

அந்த மூன்று குடும்பங்களையும் கோமதிநாயகத்துக்குத் தெரியும். ஒரு குடும்பம் ஓட்டலின் பின்கட்டில் சாக்கைக் கட்டி மறைத்துக் குடியிருந்தது. முப்பிடாதி வீடு பளிச்சென்று இருக்கவேண்டுமே என்று வாரம் முழுக்க அதே நினைப்பாக இருந்தார்.

வேன் வந்து நின்றது. நான்கு பேர் இறங்கினார்கள். வாசல் பெருக்கி, பெரிய கோலம் போட்டிருந்தது. கோமதிநாயகம் எல்லோருக்கும் முன்னால் நடந்தார்.

"வாங்க, வாங்க. உள்ள சொவத்துப் பூச்சைப் பாக்கணும் நீங்க..."

படியில் ஒரு கால் வைத்துவிட்டார். பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். டீச்சர்.

தெருவில் நின்றபடியே டீச்சர் குரல் கொடுத்தார்.

"முப்பிடாதி! உங்க வீட்டைப் பாக்க ஆள் வந்திருக்கு. உள்ள வரலாமா?"

முப்பிடாதி ஓடிவந்தாள்.

"என்ன டீச்சர் நீங்க! இதெல்லாம் கேக்கணுமா?"

"கேக்கணும். வேண்டாம்னு சொன்னாலும் சரிதான்."

டீச்சர் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முப்பிடாதி கோமதிநாயகத்தைப் பார்த்தாள். முருங்கைக்கும் கோழிக்கும் பார்த்த அதே பார்வை.

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு 'சரி' சொன்னால் போதும். நால்வரும் உள்ளே போவார்கள், சுவரைத் தடவுவார்கள், மனம் குளிர்ந்து திரும்புவார்கள். மூன்று குடும்பங்களின் முகங்களும் கண்முன் வந்து போயின. அவர் தலையைக் குனிந்து தன் கால்விரல்களைப் பார்த்தார். ஆபீஸில் இருந்த காலமெல்லாம் எத்தனையோ 'சரி' போட்டவர். போடாமல் விட்ட இந்த ஒன்றுக்குத்தான் உடம்பெல்லாம் வேர்த்தது.

முப்பிடாதி முந்தானையைத் திருகினாள். உள்ளே ஒருதரம் எட்டிப் பார்த்தாள்.

"இப்ப வேண்டாம் டீச்சர்."

அது அவளுக்கே கேட்டிருக்காது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னாள்.

"இப்ப வேண்டாம். எங்க வீட்டுக்காரவுக லாரி ஓட்டிட்டு வந்து இப்பத்தான் கண்ணசந்திருக்காக. எந்திரிக்கட்டும். நானே கூப்பிடுதேன்."

சொல்லிவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஏதோ இடிந்து விழப்போகிறது என்று காத்திருக்கிறவள் போல. ஒன்றும் விழவில்லை. கூரை நின்ற இடத்தில் நின்றது. சுவர் நின்ற இடத்தில் நின்றது. நடுவில் அவள் நின்றாள்.

டீச்சர் கைகூப்பினார். டீச்சர் யாரையும் அப்படிக் கும்பிட்டுக் கோமதிநாயகம் பார்த்ததில்லை. கான்கிரீட் போட்ட அன்றைக்குச் சிலிர்த்ததுபோல அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

முப்பிடாதி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் தெருவில் கேட்டது.

"என்ன மேடம் இது?" என்றார் வந்தவர்களில் ஒருவர். "இவ்வளவு தூரம் வந்திருக்கோம். வீட்டைப் பாக்கவே இல்லையே."

"இப்பப் பாத்தீங்களே" என்றார் டீச்சர்.

கோமதிநாயகம் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கத்து வேப்பமரத்தடிக்குப் போனார். செருப்பைக் கழற்றிப் போட்டு, சாத்திய கதவைப் பார்த்தபடி அதன்மேல் உட்கார்ந்தார்.