மூன்றாம் வளைவில் ஒரு கை

நீங்கள் கடைசியாகக் கவிழ்ந்து கிடந்தபோது உங்களைத் தூக்கி நிறுத்திய கை எவருடையது?

கையைப் பார்த்திருப்பீர்கள். அதற்குரிய முகத்தை ஏறிட்டுப் பார்த்தீர்களா?

விடை உடனே வராதவர்கள் சற்றே அமர்ந்து இதைக் கேளுங்கள்.

*

கோவையில் பொம்மைக் கார்ப் பந்தயம் நடத்தும் சிறு கூட்டம் ஒன்று இருந்தது.

பொம்மை என்றால் அவர்களுக்குக் கோபம் வரும். ஸ்லாட் கார் என்றே சொல்ல வேண்டும். உள்ளங்கை நீளக் கார்கள். பலகையில் வெட்டிய காடிகளில், அதாவது ஒடுங்கிய பள்ளங்களில், மின்சாரத்தால் ஓடுபவை. ஒருவருக்கு ஒரு தடம், ஒரு நிறம், கையில் ஒரு விசை. விசையை அழுத்தினால் கார் பறக்கும். வளைவில் சற்றுக் கூடுதலாக அழுத்தினால் காடியை விட்டுத் தெறித்து விழும்.

விழுந்த காரை அதன் சொந்தக்காரர் தொடக் கூடாது. அவர் விசையும் கையுமாக மேடையில் நிற்பார். வளைவருகே நிற்கும் வேறொருவர்தான் அதை எடுத்துக் காடியில் வைக்க வேண்டும். அவருக்கு மார்ஷல் என்று பெயர்.

இந்தச் சுற்றில் ஓட்டியவர் அடுத்த சுற்றில் மார்ஷலாக நிற்பார். அடுத்தவர் காரை எடுத்து வைக்காதவருக்கு, தம் காரை ஓட்டும் உரிமை இல்லை.

இதை அந்த ஊரில் பலருக்கும் கற்றுக்கொடுத்தவர் மெஹருன்னிசா. பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. கோட்டைமேட்டில் தம் வீட்டு மாடியில் நான்கு தடங்கள் அமைத்திருந்தார். அவரிடம் கற்றவர்களுள் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். எனினும் எல்லோருக்கும் அவர் டீச்சர்.

*

ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்றில், உச்சி வெயிலில், திருமூர்த்தி அந்த மாடிப்படிகளை ஏறி வந்தார்.

ஐம்பதைக் கடந்தவர். கணபதிப் பகுதியில் பம்ப் செட் பட்டறை வைத்திருப்பவர். டீச்சரிடம் கற்று, பட்டறையின் மேல்தளத்தில் தாமே ஒரு தடம் கட்டி, மாதந்தோறும் போட்டி நடத்துபவர். கையில் கார் வைக்கும் தகரப் பெட்டி இருந்தது.

டீச்சர் குனிந்து, துணியால் தடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒரு நாயம் கேக்க வந்தேனுங்க."

"கேளுங்கண்ணா."

"நம்பின ஆளே வேணும்னு கெடுத்தா என்ன பண்றதுங்க?"

"யாருங்க கெடுத்தது?"

"சென்னியப்பன்."

துணி நின்றது.

சென்னியப்பனும் திருமூர்த்தியும் ஒரே தெருவில் அடுத்தடுத்துக் கடை வைத்தவர்கள். தடத்துக்கான பலகைகளைப் பட்டறை மாடிக்கு ஏற்றிய நாளில், ஒரு முனையைத் திருமூர்த்தி பிடிக்க, மறுமுனையைச் சென்னியப்பன் பிடித்தார். அதை ஊரே அறியும்.

"சித்திரையில நம்ம பட்டறை மாடியில ஃபைனல் நடந்துச்சுங்க. நான்தான் முன்னாடி போய்ட்டிருந்தேன். ட்ராக்ல பாலத்துக்குக் கீழ ஒரு வளைவு இருக்குதுங்களே, அங்க என்ற நீலக் கார் விழுந்துருச்சு. அங்க மார்ஷலா நின்னது அவன். எடுத்தான். எடுத்துக் கையிலயே வெச்சுட்டு நின்னானுங்க, டீச்சர்! சந்தையில கத்திரிக்காயைப் பொறுக்கறவனாட்டம்! அதுக்குள்ள மூணு காரும் என்னைத் தாண்டிப் போயிருச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் வெச்சான். யாருக்கு வேணும்? தோத்தாச்சு."

"எதுக்காக அப்படிப் பண்ணியிருப்பாரு?"

"செமி ஃபைனல்ல அவனை நான் ஜெயிச்சேனுங்க. அந்தக் கடுப்பு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வேணும்னேதானே லேட் பண்ணுனேன்னு கேட்டேன். எல்லார்த்து முன்னாடியும்."

"அவரு?"

"வாயைத் தொறந்தான். பேசாதேன்னேன். பேசலை. படியிறங்குனவன்தான். நாலு மாசமாச்சு."

டீச்சர் துணியை மடித்தார்.

"இப்ப என்ன பண்றாரு?"

"கடையைக் காலி பண்ணிட்டான். ஓசூர்ல மக வீட்டோட போறானாம். ஆடி கழியட்டும்னு இருந்திருக்கான். இன்னிக்குச் சாயங்காலம் லாரி வருதுன்னு டீக்கடையில பேசிக்கறாங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை."

கடைசிச் சொற்கள் தாழ்ந்து ஒலித்தன. அவரே அதைக் கவனித்தார் போலும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"போறவன் போகட்டுங்க. இப்ப என்ற கவலையெல்லாம் நம்ம ரேஸ் கிளப்பைப் பத்தித்தானுங்க. சித்திரைக்கு அப்புறம் ஆளே சேர்றதில்லை. வந்தாலும் வளைவில நிக்கமாட்டேங்கறாங்க. கூப்பிட்டா, கால் வலிங்கறான் ஒருத்தன், கண்ணு தெரியலைங்கறான் ஒருத்தன். அதுக்குத்தான் ஒரு முடிவு பண்ணியிருக்கேன். வளைவுக்கு ஒரு கேமரா மாட்டப் போறேன்."

"எதைப் பாக்கறதுக்கு?"

"எவன் லேட் பண்றான்னு பாக்கறதுக்குத்தான். நான் பண்றது சரிங்களா, டீச்சர்?"

டீச்சர் மடித்த துணியை ஓரமாக வைத்தார்.

"அண்ணா, நீங்க கடைசியா வளைவில நின்னது எப்பங்க?"

திருமூர்த்தி யோசித்தார்.

"ட்ராக் கட்டறதுக்கு முன்னாடிங்க."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் கம்ப்யூட்டரை யாருங்க பாக்கறது? போட்டி நடத்தறவன் நானாச்சுங்களே."

"இன்னிக்கு இங்க போட்டிங்க. எங்ககிட்ட கேமரா இல்லை. மூணாவது வளைவுக்கு ஆளும் இல்லை. நில்லுங்கண்ணா."

"டீச்சர், நான் நாயம் கேக்க வந்தவன்..."

"அங்க நின்னு கேளுங்க."

*

ஆட்கள் வந்தார்கள். பேக்கரி வைத்திருக்கும் அனீஸ் வந்தார். அவர் காரைவிட அவர் குரலுக்கு வேகம் அதிகம். பல் மருத்துவர் கோமதி வந்தார். இன்னும் சிலரும் வந்தார்கள்.

மூன்றாம் வளைவில் நின்றவரைக் கண்டதும் அனீஸ் கும்பிடு போட்டார்.

"அடேயப்பா! கணபதி சாம்பியனே நமக்கு மார்ஷலா? யாரும் காரைக் கீழ போட்றாதீங்கப்பா. பஞ்சாயத்து ஆயிரும்!"

கூடம் சிரித்தது. திருமூர்த்தி சிரிக்கவில்லை.

டீச்சர் நடந்து போய் முதல் வளைவில் நின்றார். தம் வீடு, தம் தடம், தம் போட்டி. அவரே வளைவில் நின்றார். கம்ப்யூட்டர் ஒரு நாற்காலியின்மேல், ஆளில்லாமல், தானாகவே சுற்றுகளை எண்ணத் தயாராக இருந்தது.

எத்தனையோ முறை கண்ட காட்சி அது. திருமூர்த்தி அன்றுதான் அதைப் பார்த்தார்.

பச்சை விளக்கு எரிந்தது.

மேடையிலிருந்து பார்க்கும்போது பந்தயம் என்பது ஒரே ஒரு கார். நம்முடையது. வளைவிலிருந்து பார்க்கும்போது நான்கு கார்களும் நேராக நம் கையை நோக்கி வருகின்றன.

அனீஸின் சிவப்புக் கார்தான் முதலில் தெறித்தது. வளைவின் உட்புறத் தடம் சிவப்பு. அதை எட்ட வேண்டுமானால் மற்ற மூன்று தடங்களின்மேல் கையை நீட்ட வேண்டும்.

"அண்ணா! எடுங்க, எடுங்க! தூங்கிட்டீங்களா?"

தாமதமில்லாமல் எடுத்து வைப்பது எப்படியென்று ஊருக்கே காட்டிவிட எண்ணினார் திருமூர்த்தி. காரைப் பாய்ந்து எடுத்தார். பாய்ந்து வைத்தார்.

கோமதியின் மஞ்சள் கார் அவர் மணிக்கட்டில் வந்து மோதியது. மேலெழும்பியது. தடத்தைத் தாண்டித் தரையில் விழுந்து, குட்டிக்கரணம் அடித்துச் சுவரோரம் கிடந்தது.

சிவப்பும் மறுபடி கவிழ்ந்தது.

"ஐயோ, என் கண்ணாடி!" என்றார் கோமதி. காரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சின்னஞ்சிறு கண்ணாடி உடைந்து போயிருந்தது. "பல்லா இருந்தா கட்டிருவேன். இதுக்கு நான் எங்கண்ணா போறது?"

"மன்னிச்சுக்கங்கம்மா" என்றார் திருமூர்த்தி. மணிக்கட்டில் சிவந்த கோடு எரிந்தது.

பந்தயம் நிற்கவில்லை. அது எவருக்காகவும் நிற்பதில்லை.

சில சுற்றுகள் கழிந்து, சிவப்புக் கார் மீண்டும் அதே இடத்தில் தெறித்தது.

இம்முறையும் திருமூர்த்தி உடனே எடுத்துவிட்டார். கை நீண்டது. பாதி வழியில் நின்றது.

மஞ்சள் வந்துகொண்டிருந்தது. அதன் வாலைப் பிடித்தாற்போல் வெள்ளை. அதற்குப் பின்னால் நீலம்.

கையில் காருடன் அவர் காத்திருந்தார். மஞ்சள் போயிற்று. வெள்ளை போயிற்று.

"அண்ணா!" மேடையிலிருந்து அனீஸ் கத்தினார். "வேணும்னேதானே லேட் பண்றீங்க?"

திருமூர்த்தி வாயைத் திறந்தார்.

ஒன்றும் வரவில்லை. சொல்வதற்கு நேரமில்லை. சொன்னாலும் அங்கிருப்பவருக்குத் தெரியாது. அதை இங்கே நின்றுதான் பார்க்க முடியும்.

நீலமும் போயிற்று. தடம் வெறுமையாயிற்று. அவர் சிவப்புக் காரை, குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோல், காடியில் வைத்தார்.

அது கீறல் இல்லாமல் ஓடியது.

*

சுற்று முடிந்தது. அனீஸ் இறங்கி வந்து அவர் தோளில் தட்டினார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணா. மேல நின்னா வாயி அப்படித்தான் பேசும். அடுத்த ரவுண்டு நான் இங்க நிக்கறேன். நீங்க மேல போய் என்னைத் திட்டுங்க."

திருமூர்த்தி நகரவில்லை.

டீச்சர் சுவரோரம் குனிந்து எதையோ பொறுக்கினார். வந்து அவர் உள்ளங்கையில் வைத்தார். மஞ்சள் காரின் கண்ணாடி. ஒரு துவரம்பருப்பின் அளவுதான் இருந்தது.

திருமூர்த்தி அதைப் பார்த்தார். பிறகு தம் தகரப் பெட்டியைத் திறந்து நீலக் காரை எடுத்தார். சித்திரைக்குப் பிறகு அது ஓடவே இல்லை.

இடப்பக்கக் கண்ணாடி இருந்தது. வலப்பக்கக் கண்ணாடி இருந்தது.

"டீச்சர்."

"சொல்லுங்கண்ணா."

"அந்த மூணு காரும் அப்ப ஒண்ணாத்தான் வந்துச்சுங்களா?"

"நான் அங்க இல்லீங்களே."

"நான் இருந்தேன்" என்றார் திருமூர்த்தி. "நான் பாக்கலை."

டீச்சர் சுவர்க் கடிகாரத்தை நோக்கினார்.

"லாரி வர்ற நேரந்தானுங்க?"

அதைக் கேட்க அவர் அங்கே இல்லை. படிகளில் செருப்புச் சத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. பெட்டி திறந்தபடி கிடந்தது.

*

சென்னியப்பன் வீட்டு வாசலில் லாரி வந்து நின்றிருந்தது. கட்டில் ஏறிவிட்டது. பாத்திர மூட்டைகள் ஏறிவிட்டன. சுமை தூக்க வந்தவர்களுள் ஒருவன் பீடி பற்றவைக்கப் போய்விட்டான். பழைய பீரோ ஒன்றின் ஒரு முனையைப் பிடித்தபடி, மறுமுனைக்கு ஆள் இன்றிச் சென்னியப்பன் நின்றார்.

மறுமுனையை ஒரு கை பிடித்தது.

மணிக்கட்டில் சிவந்த கோடு இருந்த கை.

சென்னியப்பன் பீரோவுக்கு மேலாக எட்டி, முகத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ஏன்டா இத்தனை லேட்டு?"

திருமூர்த்திக்கு மூச்சு வாங்கியது.

"கையில எடுத்து நாலு மாசமாச்சுடா. ஒண்ணு மாத்தி ஒண்ணு வண்டி வந்துட்டே இருந்துச்சு. இப்பத்தான் வெக்க முடிஞ்சுது."

சென்னியப்பன் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார். பிடியை மாற்றினார்.

"மெதுவாத் தூக்கு" என்றார். "கண்ணாடி வெச்ச பீரோ."

*

கேட்டுக்கொண்டிருந்தவர்களே, உங்கள் தெருவிலும் எங்கோ ஒரு லாரி நிற்கிறது. சாமான்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. கயிறு இன்னும் கட்டப்படவில்லை.

நாளை நல்ல நாளா என்று பார்க்க வேண்டாம். என்ன பேசுவது என்று ஒத்திகை பார்க்க வேண்டாம். இதை இப்படியே வைத்துவிட்டு எழுந்திருங்கள். செருப்பை மாட்டுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே, இன்றே, அந்த வாசலுக்குப் போய் மறுமுனையைப் பிடியுங்கள்.