ஜெனிட்டாவின் கழுத்தைத் திருகியது யார்?

பெற்ற பிள்ளையைப் பார்த்தே ஒரு தாய் பயந்து பின்வாங்குவாளா? செலஸ்தீனா பின்வாங்கினாள்.

நான்கு வயது ஜெனிட்டாவுக்கு விடிந்ததிலிருந்து வாந்தி. டாக்டர் வாந்தி மருந்து கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஒரு கரண்டி ஊட்டிச் சற்று நேரம் ஆகியிருக்கும். பிள்ளையின் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. கண்கள் மேலே செருகி வெள்ளை மட்டும் தெரிந்தது. நாக்கு வெளியே தள்ளியது. ஆனால் நினைவு தப்பவில்லை. "அம்மா, யாரோ கழுத்தத் திருகுதாங்க" என்று குழறினாள்.

செலஸ்தீனா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்குச் சாமியாரிடம் ஓடினாள். அமலதாஸ் சாமி பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைந்து ஜெபித்தார்.

"பேய் ஓட்ட ஆயரோட அனுமதி வேணும், மகளே. அதுக்கு முந்தி, இது நோயில்லன்னு டாக்டர் சொல்லணும். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ. இந்தக் கோலத்த அவர் கண்ணால பார்க்கட்டும்."

அழுது கெஞ்சியவளிடம் ஒரு பாட்டில் தீர்த்தமும் கொடுத்து அனுப்பினார். போகிற வழியிலேயே கழுத்து மெல்ல இளகிற்று. தீர்த்தத்தின் மகிமைதான்! ஆஸ்பத்திரியை மறந்து வீட்டுக்குத் திரும்பினாள். மதியம் மருந்தைத் தீர்த்தத்திலேயே கலந்து ஊட்டினாள். கழுத்து முன்னிலும் கொடூரமாக முறுக்கிக்கொண்டது.

நாத்தனார் ஜெபக்கனி பெந்தெகொஸ்தே சபைக்காரி. "தீர்த்தம் உள்ள போனதும் எப்படி ஆடுது பாத்தியா? இத விரட்டவும் உங்க சாமிக்குப் பெர்மிட் வேணுமாக்கும்!" என்று குத்திவிட்டு, பாஸ்டர் தீமோத்தேயுவை அழைத்துவந்தாள்.

பாஸ்டர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. "இயேசுவின் நாமத்தினாலே வெளியே போ!" என்று அதட்டினார். பிள்ளை கழுத்தில் மாதா படத்தோடு கிடந்த உத்தரியக் கயிற்றைக் கழற்றச் சொன்னார். தீர்த்தத்தையும் மருந்தையும் சாக்கடையில் கொட்டினார். "விசுவாசம் உள்ள வீட்ல மருந்துக்கென்ன வேலை, சிஸ்டர்?"

பொழுது சாயுமுன் கழுத்து நேரானது. மறுநாள் ஜெனிட்டா இட்லி கேட்டுச் சாப்பிட்டாள். அந்தக் கோலம் திரும்பி வரவேயில்லை. "ஞாயித்துக்கிழமை சபையில எல்லார் முன்னாலயும் இந்த அற்புதத்தச் சாட்சி சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் போனார் பாஸ்டர்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பிள்ளையைக் காப்பாற்றியது யார்? சாமி, பாஸ்டர் இருவரில் யார் செய்தது சரி?

விடை: பேய் எதுவும் வரவில்லை. அந்த மருந்து சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் கழுத்தையும் கண்ணையும் இப்படி இழுத்துவிடும். இரண்டு முறையும் மருந்து உள்ளே போன பிறகுதான் இழுத்தது, அதன் வேகம் தணிந்ததும் தானே இளகியது, கொட்டிய பிறகு திரும்பவில்லை. ஆக, காப்பாற்றியது பாஸ்டரின் கை. ஆனால் எதைக் கொட்டுகிறோம் என்று அந்தக் கைக்குத் தெரியாது. சரியாகச் சொன்னது சாமிதான். ஆனாலும் நடுங்கிக்கொண்டிருந்தவளிடம் பாட்டிலைக் கொடுத்துத் தனியே அனுப்பியது அவர் பிழை. செலஸ்தீனா இதை டாக்டரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டாள். பேய் என்று பயந்ததைக் கரண்டியால் ஊட்டியதே அவள்தானே! ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல எழுந்தவள், வலிப்பு மாத்திரையால் பிழைத்திருக்கும் தன் பையனை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் தெருக்காரி ஒருத்தி அதே அற்புதத்துக்காகக் காத்திருப்பதைப் பார்த்தாள்.

"மாத்திரையக் கொட்டிராதீங்க, அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.