நாற்பத்திரண்டாம் எண் அடுப்பு

அறுபது அடுப்பு கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் ஐம்பத்தொன்பது அணைந்துவிட்டது. ஒரு பெண்ணின் கை வெந்தது.

கொடுத்தது மலையடிவாரத்து மடம். அங்கே பூஜை குறைவு, வேலை அதிகம். அடுப்புக்குத் தகரத்தில் உடம்பு, உள்ளே சுட்ட மண். பாதி விறகு போதும். புகையும் கண்ணைக் கரிக்காது. செய்தவர் தணிகாசலம். நாற்பது வயதுக்கு மேல் வேலையை உதறிவிட்டு வந்த சீடர்.

அவர் குருவிடம் போய் நின்றார்.

“ஐயா, அந்த மலை ஜனங்களுக்குப் பழையதை விட மனசில்லை. எத்தனை சொன்னாலும் மூன்று கல் அடுப்புக்கே போகிறார்கள். அடுத்த மலைக்கு முந்நூறு அடுப்பு தயார். நாளைக்கு லாரி வரச் சொல்லட்டுமா?”

குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“கை வெந்தது எப்படி?”

“அடுப்பு சாய்ந்ததாம். அவர்களுக்குப் புழங்கத் தெரியவில்லை. பயிற்சி போதாது என்று எழுதியிருக்கிறேன்.”

“சோதித்தாயா?”

“இருபது தடவை. நீங்கள் சொன்னபடியே. மூன்று படி தண்ணீர், பதினோரு நிமிஷத்தில் கொதித்தது.”

“அந்த மலையில் தண்ணீரையா தின்கிறார்கள்?”

குரு கீரையை ஒதுக்கி வைத்தார்.

“இன்றைக்கு மடத்துக்குக் களி. நீ கிண்டு. உன் அடுப்பில்.”

தணிகாசலம் நெல் விளையும் ஊர்க்காரர். களி தின்றிருக்கிறார், கிண்டியதில்லை. உலை கொதித்ததும் கேழ்வரகு மாவைக் கொட்டினார். துடுப்பைப் போட்டுக் கிண்டினார். முதலில் இளகி வந்தது. பிறகு இறுகியது. துடுப்பு அசைய மறுத்தது.

“விடாதே. கட்டி தட்டும்.”

இரண்டு கையாலும் அழுத்தினார். பானை சுழன்றது. பானையோடு அடுப்பும் நகர்ந்தது.

“பானையை யார் பிடிப்பது, ஐயா?”

“கை வெந்தவளுக்கு எத்தனை கை?”

இன்னொரு சுற்று. அடுப்பு சாய்ந்தது. தணிகாசலம் துள்ளி விலகினார். களி தரையில் விழுந்து, ஆவி பறக்க, விழுந்த இடத்திலேயே அப்பிக்கொண்டது.

“கஞ்சியென்றால் வழிந்து போயிருக்கும்,” என்றார் குரு. “இது விடாது.”

இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“தண்ணீர் வைத்துப் பார் என்று உனக்குச் சொன்னது யார்?”

“நீங்கள்தான், ஐயா.”

குரு குனிந்து களியைச் சுரண்டி எடுத்தார். வெகுநேரம் சுரண்டினார்.

“லாரியை நிறுத்து. மேலே போவோம்.”

மறுநாள் ஏறினார்கள். ஒரு வீட்டில் அடுப்புக்குள் கோழி அடைகாத்தது. இன்னொரு வீட்டில் அதில் உப்பு வைத்திருந்தார்கள். தணிகாசலம் கையிலிருந்த பட்டியலில் வீட்டுக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தார். பிறகு பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டார்.

நாற்பத்திரண்டாம் வீட்டில் அடுப்பே கண்ணில் படவில்லை. பானை தரையோடு உட்கார்ந்திருந்தது. அதன் கீழே தீ.

அடுப்பைக் கழுத்துவரை புதைத்திருந்தாள் வீட்டுக்காரி. விறகு வைக்கும் வாய்க்கு முன்னால் சரிவாக ஒரு பள்ளம். பானைக் கழுத்தில் ஒரு கவைக்கோல், அதன் நுனியைக் காலால் மிதித்திருந்தாள். குனிந்து நின்று களி கிண்டிக்கொண்டிருந்தாள். வலது கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மடங்காமல் விறைத்து நின்றன. பானை இம்மியும் அசையவில்லை.

“வாங்க சாமி. அடுப்பைத் திருப்பி எடுத்துட்டுப் போக வந்தீங்களா? தோண்டித்தான் எடுக்கணும்.”

தணிகாசலம் தரையில் உட்கார்ந்து பார்த்தார்.

“இப்படிச் செய்ய யாரம்மா சொல்லிக்கொடுத்தது?”

“யாரு சொல்லணும்? சுட்டுச்சு, புதைச்சேன். பழைய கல்லு மூணும் பாதி மண்ணுக்குள்ள இருக்கும், அதான் ஆடாது. இதையும் மண்ணுக்குள்ள எறக்கிட்டேன். வெறகு மிச்சம்தான், பொய் சொல்லக் கூடாது.”

“மற்றவர்கள் ஏன் புதைக்கவில்லை?”

“என் கையப் பாத்துட்டு அடுப்புகிட்டயே வர மாட்டேங்கறாங்க. இப்பத்தான் ரெண்டு பேரு குழி வெட்டுறாங்க.”

“எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அம்மா.”

“சொன்னனே. குடுத்த அன்னைக்கே சொன்னேன், ‘சார், ஆடுது’ன்னு. நீங்கதான் ‘பழகிடும்மா’ன்னீங்க.” சிரித்தாள். “போட்டோ புடிக்கிற அவசரம் உங்களுக்கு.”

தணிகாசலத்துக்கு அந்த வார்த்தை நினைவு வந்தது. முகம் நினைவு வரவில்லை.

களி போட்டாள். கீரைக் குழம்பு ஊற்றினாள். குரு இரண்டு உருண்டை சாப்பிட்டார். நடுவில் அவளிடம் ஏதோ கேட்டார், அவளும் சொன்னாள். தணிகாசலம் காதில் வாங்கவில்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். உருண்டையைத் தொடவில்லை.

“சாப்பிடுங்க சார். ஆறுனா கல்லாயிடும்.”

பாதிவழி இறங்கியதும் தணிகாசலம் கேட்டார்.

“ஐயா, அந்த முந்நூறு அடுப்பு?”

“லாரி போகட்டும். கூடவே, புதைக்கச் சொல்லித்தர ஆள் வேண்டும்.”

“நீங்கள் வருவீர்களா?”

“நான் தண்ணீர் கொதிக்க வைக்கச் சொன்னவன்.”

தணிகாசலம் நின்றுவிட்டார். “அப்படியானால் அந்த அம்மாவைத்தான் கூப்பிட வேண்டும். வருவார்களா?”

“திரும்பிப் போய்க் கேள். என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாய்?”

தணிகாசலம் பட்டியலைப் பிரித்தார். நாற்பத்திரண்டுக்கு நேரே புருஷன் பேர் இருந்தது. அதன் பக்கத்தில் அவளுடைய ரேகை. வலது கட்டைவிரல். வேகாத நாளில் வைத்தது.

பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

குரு நடையை நிறுத்தவில்லை.

“கெம்பம்மா,” என்றார்.