மண்டபத்தில் இடமில்லை

பொற்கொடியம்மா ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சுத்தத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கிருமிகள் அவர் பெயரைக் கேட்டாலே ஊரைக் காலி செய்துவிடும்.

“மனசைச் சுத்தம் பண்ணிக்க வந்தேன் சாமி,” என்று காவிரிக் கரை ஆசிரமத்தில் வந்து நின்றார். அவரைவிடப் பத்து வயது இளையவரான சாமி, மாட்டுக் கொட்டகையைக் காட்டினார்.

அன்றிலிருந்து கொட்டகை பினாயிலில் மிதந்தது. கன்றுகளின் பால் வாளி கொதிநீரில் வெந்தது. அப்படியும் தை மாதம் ஒரு கன்று கழிச்சல் கண்டு செத்துப்போனது. பொற்கொடியம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது தாயில்லாத செவலைக் கன்றுக்கும் அதே கழிச்சல். மாட்டு டாக்டர் உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கூடவே ஒரு பொட்டலம் பொடியும் தந்தார். “உள்ள இருக்கறது உயிருள்ள நல்ல கிருமி. பால்ல கலந்து குடுங்க.”

பொற்கொடியம்மா அதைத் தேளைப் பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டு சாமியிடம் வந்தார்.

“கிருமியைக் கொல்றதே என் பொழப்பா இருந்துச்சு. இப்ப அதையே ஊட்டச் சொல்றாரு. கன்னு பொழைக்குமா சாமி?”

“பின்னாடி மண்டபம் எப்படி இருக்கு?” என்றார் சாமி.

“அதை ஏன் கேக்கறீங்க. தெனம் கழுவி விடறேன். சீட்டாடற பசங்க வந்து சவுகரியமா உக்காந்துக்கறாங்க.”

“சுத்தமான தரை அவங்களுக்கும் பிடிக்கும்தானே.”

வாசலில் வெயிலில் பூக்கட்டும் பெண்களைச் சாமி அழைத்து, மண்டபத்தில் உட்காரச் சொன்னார். சாயங்காலம் சீட்டுக்கட்டோடு வந்தவர்கள், கூடையும் பூவும் பேச்சுமாய் மண்டபம் நிறைந்திருப்பதைப் பார்த்தார்கள். ஒருவன் தலையைச் சொறிந்தான். பிறகு எல்லோரும் நடையைக் கட்டினார்கள்.

“நீங்க ஒரு வார்த்தைகூட சொல்லலையே.”

“உக்கார எடமில்ல. போயிட்டாங்க.”

பொற்கொடியம்மா சமையலறைக்கு ஓடினார். வழக்கம்போல் பாலைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, பொட்டலத்தைப் பிரித்தார். பின்னாலேயே வந்த சாமி அவர் கையைத் தடுத்தார்.

“பூக்காரங்களைக் கூப்பிட்டுட்டு, தரையில நெருப்பை அள்ளிக் கொட்டுவாங்களாம்மா?”

பொற்கொடியம்மாவுக்குத் தன்னை நினைத்தே சிரிப்பு வந்தது. பாலை ஆற்றினார். பச்சைக் குழந்தைக்குப் பார்ப்பதுபோல் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. பொடியைக் கலந்து கொடுத்தார். சர்க்கரைத் தண்ணீரையும் விடாமல் புகட்டினார்.

மெல்ல மெல்லச் சாணம் இறுகியது. ஒரு காலையில் செவலை, வெந்நீரில் கழுவிய வாளியை ஒரே உதையில் உருட்டிவிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு துள்ளியது. யாரையும் அடிக்காமல் விரட்டாமல் இந்த மனுஷன் எப்படி ஜெயிக்கிறார் என்று பொற்கொடியம்மா வியந்துபோனார். இருந்தும் அவர் கண் கலங்கியிருந்தது.

“என்னம்மா?”

“தியானத்துல கண்ணை மூடினா செத்த கன்னுதான் வருது சாமி. எவ்வளவு கழுவினாலும் போகல.”

சாமி துள்ளிக்கொண்டிருந்த செவலையைப் பிடித்து, அதன் கயிற்றை அவர் கையில் கொடுத்தார்.

“இதை அங்க உக்கார வைங்கம்மா.”