இடுகாட்டு முள்

அந்த வருஷம் வாந்திபேதி ஊரையே வாரிக்கொண்டு போயிற்று. வெளியே தெரிந்தால் தன் குத்தகையிலிருந்த மாட்டுச்சந்தையை நிறுத்திவிடுவார்களே என்று சேர்மன் குழந்தைவேலு முதலியார் வாயே திறக்கவில்லை. ஜில்லா சுகாதார டாக்டர் பார்வையிட வருகிறார் என்றதும் வெட்டியான் சடையனைக் கூப்பிட்டார்.

"டேய், இடுகாட்டில் புதுக்குழி ஒன்றுகூடத் தெரியக்கூடாது. மேட்டையெல்லாம் மட்டமாக்கு. முள்ளை அள்ளிவிடு."

நரி தோண்டாமலிருக்கப் புதுக்குழி ஒவ்வொன்றின்மேலும் ஓர் இலந்தைமுள் கொப்பு வைப்பது சடையன் வழக்கம்.

"உத்தரவு சாமி."

மறுநாள் டாக்டரின் வண்டி ஊர் எல்லையிலேயே நின்றுவிட்டது. ஆள் உயரத்துக்கும் மேலாக முள் குவிந்து பாதையை அடைத்திருந்தது. டாக்டரை வரவேற்க மாலையோடு வந்த சேர்மன் திகைத்து நின்றார்.

"யாரடா இதைக் கொட்டினது?" என்றார் டாக்டர்.

"நான்தான் எசமான். குழிக்கு ஒரு கொப்பு வச்சிருந்தேன். சேர்மன் சாமி அள்ளச் சொன்னாங்க. எங்கே போடறதுன்னு சொல்லலை."

டாக்டர் குவியலை அண்ணாந்து பார்த்தார். சந்தையை நிறுத்தவும் கிணறுகளுக்கு மருந்து போடவும் அங்கேயே உத்தரவாயிற்று.

"உச்சியில் இருக்கிறது மட்டும் ஏன் இத்தனூண்டு?" என்று கேட்டார் டாக்டர்.

"எம் மவளுக்கு வச்சது எசமான். சின்னக் குழி. திரும்பக் கொண்டுபோய் வச்சிடட்டுங்களா? இருட்டினா நரி வந்துடும்."