மோருக்குத் திரும்பும் மிளகாய்

அந்தக் காலத்தில் செடிகள், விதைப்பவனிடம் பேசி முடித்த பிறகுதான் அவன் நிலத்தில் முளைக்கும். அவரை பந்தல் கேட்டது. பூசணி கூரை கேட்டது. மிளகாய் மட்டும் இரண்டு வாக்குக் கேட்டது.

"நீ பறிக்கிற என் பிள்ளைகளில் ஒன்றும் அழுகக் கூடாது. எதன் மேலும் இரும்பு படக் கூடாது. இரண்டில் எது தவறினாலும் மறு வருஷம் உன் மண்ணில் முளைக்க மாட்டேன்."

விதைக்க வந்த சடையன் யோசிக்காமல் தலையாட்டிவிட்டான். மிளகாயைப் பல்லால் கடிக்கலாம், அம்மியில் வைத்து நசுக்கலாம். இரும்புக்கு அங்கே என்ன வேலை? அழுகும் அளவுக்கு மிஞ்சவா போகிறது? அவனுடைய மேட்டுக்காட்டில் எதுதான் மிஞ்சியிருக்கிறது?

அந்த வருஷம் மிஞ்சியது. புரட்டாசிக் கடைசியில் செடிக்குச் செடி கொத்துக் கொத்தாய்க் காய். தின்றார்கள், ஊருக்கெல்லாம் கொடுத்தார்கள். பிறகு அவன் கூடையோடு தெருவில் இறங்கினாலே கதவுகள் சாத்திக்கொண்டன.

"நேத்துக் குடுத்ததே அடுப்படியில கிடக்கு அண்ணே. நாங்க என்ன கிளியா?" என்று ஒரு வீட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

அது வேலியில் உட்கார்ந்திருந்த கிளியின் காதில் விழுந்தது. "கிளிக்கும் வயிறு ஒண்ணுதான் மாமா," என்றது. "அடைமழை மாசத்துக்கு எடுத்து வச்சுக்கிட வேண்டியதுதானே?"

"வச்சா அழுகுது."

"அப்ப வர்ற வருஷம் உம்ம கஞ்சிக்குத் தொட்டுக்கிட வெறும் விரல்தான்," என்று சொல்லிவிட்டுப் பறந்து போனது.

சடையனுக்குச் சிரிப்பு வரவில்லை. மழை மாதங்களில் அந்த வீட்டில் கம்பங்கஞ்சியை விட்டால் வேறு இல்லை. மிளகாய் இல்லாத கஞ்சி தொண்டையில் இறங்காது. இந்த மழைக்கு மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். செடி சொன்ன சொல் மாறாது. இனி எந்த மழைக்கும் இல்லை என்றாகிவிடும்.

முற்றத்தில் பரப்பிக் காயவைத்தான். கொஞ்சம் வெயில் அடிக்கும், உடனே மேகம் மூடும். அவன் மனைவி ஒய்யம்மாள் ஒரு காயை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். தோல் சுருங்கியிருந்தது; உள்ளே ஈரம் நகர்ந்தது.

"தண்ணி வெளிய வர வழியில்ல. முள்ளால குத்திப் பாத்தேன், ஓட்டை மூடிக்கிடுது. நுனியைக் கீறித்தான் ஆகணும்."

"இரும்பு படாதுன்னு வாக்குக் குடுத்திருக்கேன்ல."

"அழுகாதுன்னும்தான் குடுத்திருக்கீரு. எந்த வாக்கைத் தப்பலாம்னு உக்காந்து யோசிச்சுக்கிட்டே இரும். அதுக்குள்ள ஒண்ணு தானாத் தப்பிப் போகும்."

அவன் யோசித்துக்கொண்டேதான் இருந்தான். கீறினால் அது மிளகாயைக் காப்பாற்றவா, தன் கஞ்சியைக் காப்பாற்றவா? எவ்வளவு கிண்டிப் பார்த்தும் அவனால் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. காய்களின் காம்படியில் வெள்ளையாய்ப் பூசணம் தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது.

அரிவாள்மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முதல் காயின் நுனியை நகத்தளவு கீறினான். அது அழவில்லை. அடுத்ததும் அழவில்லை. கூடை தீர்ந்து எழுந்தபோதுதான் கை எரிய ஆரம்பித்தது. அதுவரை மிளகாய் நாக்கைத்தான் சுட்டிருந்தது. யார் கையையும் சுட்டதில்லை. ஊதிப் பார்த்தான், மண்ணில் தேய்த்தான், எதற்கும் குறையவில்லை. கஞ்சிக்கென்று உப்புப் போட்டு வைத்திருந்த மோர்ப் பானைக்குள் இரண்டு கையையும் விட்டான். எரிச்சல் மெல்ல அடங்கியது.

கீறியவனுக்கே இப்படி என்றால் கீறுபட்டதற்கு?

கூடையோடு எடுத்து அத்தனையையும் மோரில் கொட்டினான்.

"மோரும் போச்சு," என்றாள் ஒய்யம்மாள். "ஈரம் போகணும்னு கீறிட்டு, ஈரத்துலயே கொண்டு போட்டா என்னய்யா அர்த்தம்?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

விடிந்ததும் செடி முன்னால் போய் நின்றான்.

"இரும்பு பட்டதா?" என்றது செடி.

"பட்டுச்சு."

"அழுகிவிட்டதா?"

"இன்னும் தெரியல. மோருல போட்டிருக்கேன்."

"மோரில் எதற்கு?"

"என் கை எரிஞ்சுது. அதுகளுக்கும் எரியும்னு தோணுச்சு."

செடி, "பகலில் வெயிலுக்கு அனுப்பு. பொழுது சாய்ந்தால் அதே மோருக்குக் கூட்டி வந்துவிடு. மோர் வற்றும் வரைக்கும். நடுவில் ஒன்று அழுகினாலும் நமக்குள் பேச்சு முடிந்தது," என்றது.

"ஒண்ணும் அழுகலைன்னா?"

அதற்குள் செடி இலைகளைச் சுருட்டிக்கொண்டது.

அதன் பிறகு சடையனுக்கு நிம்மதி ஏது? உழுதுகொண்டிருப்பான், ஒரு தூறல் விழுந்தால் மாட்டை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுவான். காலையில் பானையைத் திறந்து முகர்ந்தால் புளித்த வாடை வரும். அது மோரா, அழுகலா? ஒய்யம்மாளைக் கூப்பிட்டு முகரச் சொல்வான்.

"மோருதான்யா, மோருதான். முகந்து முகந்து என் மூக்கே புளிச்சுப் போச்சு."

மெல்ல மெல்லப் பச்சை வெளுத்தது. பானையில் மோர் குறைந்து ஒரு நாள் வெறும் அடி தெரிந்தது. கையில் அள்ளினால் காய்கள் சருகு போலச் சலசலத்தன. ஒன்றுகூட அழுகவில்லை. மழை இறங்கியதும் ஒய்யம்மாள் அவற்றை எண்ணெயில் பொரித்துக் கஞ்சிக்கு வைத்தாள். அவளுக்கு இரண்டாவது சட்டி கஞ்சி தேவைப்பட்டது. சடையன் ஒரு மிளகாயைக் கடித்துவிட்டு, வாசலுக்கு வெளியே கொட்டும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மழை ஓய்ந்ததும், செடியிலேயே பழுக்க விட்டிருந்த காய்களின் விதையைத் தூவினான். வழக்கமாகத் தூவும்போதே கேட்கும் பேச்சுக் கேட்கவில்லை. தினமும் போய்க் குனிந்து பார்த்தான். ஒரு காலையில் இரண்டு இலையோடு முளைத்திருந்தது.

"நான் செஞ்சது சரிதானா?" என்று கேட்டான்.

இலை காற்றில் ஆடியது. மறுநாளும் கேட்டான். அதன் மறுநாளும்.

"அதான் முளைச்சிருச்சுல்ல, விடும்," என்றாள் ஒய்யம்மாள். அவனால் விட முடியவில்லை. மன்னித்து முளைத்ததா, மன்னிக்காமலே முளைத்ததா என்று சாகும் வரை அவனுக்குத் தெரியவில்லை.

அன்று முதல்தான் மிளகாய்ச் செடி மனிதரோடு பேசுவதில்லை. மிஞ்சிய காய்களை நுனி கீறி, உப்பு மோரில் ஊறப் போட்டு, பகலில் வெயிலுக்கு அனுப்பி, பொழுது சாய்வதற்குள் அதே மோருக்குத் திரும்பக் கொண்டு வருவதும் அன்று முதல்தான். எரிகிற கையை உதறிக்கொண்டு, ஒன்றும் அழுகிவிடக் கூடாதே என்று வானத்தைப் பார்ப்பதும் அன்று முதல்தான்.