கருநாரைக்காகக் காத்திருந்தவர்

தமிழ்நாட்டின் வட எல்லையில் ஓர் ஏரி இருக்கிறது. பேர் வேண்டாம். சொன்னால் நாளைக்கே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள், பறவைகள் பாவம்.

அதன் கரையில் மங்கையர்க்கரசி என்றொரு குரு குடில் போட்டிருந்தார். வயது நாற்பத்தொன்று. மார்கழி, தை மாதங்களில் பறவை பார்க்க வருகிறவர்கள் அப்படியே அவரையும் பார்த்து, மனசில் இருப்பதைக் கேட்டுவிட்டுப் போவார்கள். ஒருவர் மட்டும் போகவில்லை, சீடராகத் தங்கிவிட்டார். பேர் திருமேனி. வயது அறுபத்தேழு. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம், அவர்கள் இருவரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

திருமேனிக்கு வேண்டியது ஒரே ஒரு பறவை. கருநாரை. உடம்பெல்லாம் கறுப்பு, வயிறு வெள்ளை, அலகும் காலும் செக்கச்செவேல். அந்தப் பக்கம் வருவதே அபூர்வம். மூன்று பனிக்காலம் விடியும் முன்பே போய்க் கரையில் உட்கார்ந்தார். இருமல்தான் வந்தது, நாரை வரவில்லை.

நாலாவது பனிக்காலத்தில் ஒரு காலை, குரு கொடுத்த டீயை வாங்கிக்கொண்டு கேட்டார்.

“அம்மா, அது ஒரு தடவை என் கண்ணுல பட்டுட்டா, செண்பகம் சொன்னது நிஜம்னு ஆயிடும் இல்லையா?”

செண்பகம் அவர் மனைவி. இறந்து நாலு வருஷம் ஆகப்போகிறது.

“அவங்க என்ன சொன்னாங்க?”

திருமேனி சொன்னார். அவள் இறந்த வருஷம் பறவைக் கணக்கெடுப்புக்கு இரண்டு பேரும் இதே கரைக்கு வந்திருந்தார்கள். ஊசிவால் வாத்துகளை எண்ணுவது அவர் பொறுப்பு. நூறு ஆனதும் ஒரு கூழாங்கல்லை எடுத்து மடியில் போட்டுக்கொள்வார். எட்டுக் கல் சேர்ந்திருந்த நேரத்தில் செண்பகம் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“என்னங்க, இங்க பாருங்க, கருநாரை!”

அவர் தலையைத் திருப்பவில்லை. “சும்மா இரு, எண்ணிக்கை தப்பிடும்.”

எண்ணி முடித்துப் பார்த்தபோது அங்கே ஒன்றும் இல்லை. அபூர்வப் பறவை என்றால் இரண்டு பேர் பார்த்திருக்க வேண்டும், அப்போதுதான் பதிவேட்டில் ஏறும். அது அங்கே வழக்கம். “வெயிலுக்கு எதிரே பார்த்திருப்பே. நத்தைகுத்தி நாரையா இருக்கும்” என்று சொல்லிவிட்டார். செண்பகம் எதிர்த்துப் பேசவில்லை. அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆறே மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

“நான் பார்த்துட்டா அவ பேரையும் சேர்த்து எழுதிடலாம்மா. அவ சொன்னது பொய்யில்லைன்னு ஆயிடும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும்.” சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார்.

குரு தன் டீயைக் குடித்து முடித்தார்.

“இன்னிக்கு ஊசிவால் எத்தனை இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க ஐயா.”

இதென்னடா வம்பு என்றிருந்தது திருமேனிக்கு. மனுஷன் அழுதுகொண்டிருக்கிறான், இந்த அம்மா வாத்துக் கணக்குக் கேட்கிறார்! ஆனாலும் குரு சொன்னால் சொன்னதுதான். மூக்கைத் துடைத்துக்கொண்டு எண்ண உட்கார்ந்தார். குரு பக்கத்தில் வந்து அமர்ந்தார். பனி விலகி வெயில் ஏறியது. மடியில் ஐந்து கல் சேர்ந்தது. அடுத்த நூறில் எழுபத்து மூன்று என்னும்போது சட்டைக் கையை யாரோ இழுத்தார்கள்.

“ஐயா, இங்க பாருங்க!”

சட்டென்று திரும்பினார். குரு விரலை நீட்டிக்கொண்டிருந்தார். விரல் காட்டிய இடத்தில் ஒரு மடையான் கொக்கு, தினமும் அங்கே நிற்கிற அதே மடையான், சேற்றில் நின்றுகொண்டிருந்தது.

“மடையான்தானே அம்மா?”

“ஆமா, மடையான்தான்.”

“இதுக்கா கூப்பிட்டீங்க? எண்ணிக்கை போச்சே!”

“கருநாரைன்னு நினைச்சுத் திரும்பினீங்களா?”

“இல்லையே. நான் எதையும் நினைக்கலை.”

“அப்புறம் எதுக்குத் திரும்பினீங்க?”

“நல்லா இருக்கே! நீங்க கூப்பிட்டீங்க, திரும்பினேன்.”

சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தார். கற்கள் மணலில் சரிந்து விழுந்தன. அவர் அதைக் கவனிக்கவில்லை.

“அவளும் கூப்பிட்டாளே அம்மா.”

குரு பிடித்த சட்டைக் கையை விடவில்லை.

“நாரை நிஜமா பொய்யான்னு இத்தனை வருஷமா அலைஞ்சுக்கிட்டிருக்கேன். அவ ஆசையா கூப்பிட்டா. நான் திரும்பவே இல்லையே!” அறுபத்தேழு வயசு மனுஷர் கேவிக் கேவி அழுதார்.

அழுது ஓயும்வரை குரு பொறுத்திருந்தார். பிறகு முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார்.

“இப்பத் திரும்பிட்டீங்க ஐயா,” என்றார். “கொஞ்சம் நேரமாயிடுச்சு, அவ்வளவுதான்.”